வேண்டாப் பொருளும் வேண்டுவோரும்

மக்கள் வாழும் இல்லங்களுள் எதனை நோக்கினும், நாடோறும் பயன்படும் பொருள்களினும் பயன்படாது கிடக்கும் பொருள்களே மிகுதியாயிருக்கக் காண்கின்றோம். பரண்மேற் கிடக்கும் தையற்பொறி, ஒரேமுறை உடுத்துப் பெட்டியில் வைக்கப்பெற்ற பட்டாடை, பிள்ளைகள் வளர்ந்துவிட்டமையால் உதவாதுபோன சட்டைகள், தந்தையார் காலத்துப் புகைப்படப்பெட்டி, திருமணத்தில் இரட்டை இரட்டையாக வந்த கடிகாரங்கள் என அவை பலதிறப்படும். இவற்றை எறிந்துவிட மனம் வருவதில்லை. வைத்துக்கொள்ளவோ இடம் இருப்பதில்லை.

நம் நாட்டில் இதற்கு வழி இல்லாமற் போகவில்லை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிவரும் மனிதனையும், பழந்துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்மணியையும் அறியாதார் யாவர்? ஆயினும் இவ்விருவரும் பொருளை அதன் தகுதி நோக்கி மதிப்பவரல்லர். இரும்புக்காரனுக்குத் தையற்பொறியும் உடைந்த தாழ்ப்பாளும் ஒன்றே. எடை ஒன்றே அவன் கணக்கு. பாத்திரக்காரிக்குச் சேலையின் நெசவோ வண்ணமோ ஒரு பொருட்டன்று. சரிகை உண்டா இல்லையா என்பதே கேள்வி. இதுபற்றி அவர்களைக் குறைகூறுதல் தகாது. அதே தையற்பொறியைத் தேடித் திரியும் ஒருவன் எவ்வூரில் எத்தெருவில் இருக்கின்றான் என்பதைத் தெருவழிச் செல்லும் ஒருவர் அறிவது எங்ஙனம்? விற்போர் ஓரிடத்தும் வேண்டுவோர் பிறிதோரிடத்துமாக, ஒருவரையொருவர் அறியாதிருத்தலே பழம்பொருள் விலையிழத்தற்குத் தலையாய காரணமாம். இவ்வறியாமையைப் போக்கும் ஏற்பாடுகளுள் ஒன்றே இணையவழி ஏலம் என்பது. அதன் வரலாற்றையும் இயங்குமுறையையும், அதன்கண் விற்கப் புகுவோர் அறிந்திருக்க வேண்டுவனவற்றையும் எம் சிற்றறிவிற்கு எட்டிய அளவில் ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் சொல்லைப்பற்றி ஒரு சொல். ஏலம் என்பது தமிழ்ச்சொல்லன்று. போர்த்துக்கீசியர் மொழியிலுள்ள 'லெய்லாவ்' என்னுஞ் சொல்லே நம்மவர் நாவில் ஏலமாயிற்று என்பர் சொல்லாராய்ச்சி வல்லார். பாயசத்தில் இடும் ஏலத்திற்கும் இதற்கும் யாதோர் உறவுமில்லை. ஏலத்தில் விடப்படும் அலமாரியும், மேசையும், அவற்றைப் பூட்டுஞ் சாவியுங்கூட அம்மொழியினின்று வந்த பெயர்களே. விற்கப்படும் பொருளின் பெயரும் விற்கும் முறையின் பெயரும் ஒரே கப்பலில் வந்திறங்கின போலும்!

ஊர்களில் நிகழும் ஏலத்தை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். ஒருவர் உரத்த குரலிற் பொருளைக் கூற, சூழ நிற்போர் ஒருவரின் ஒருவர் மிகுத்துக் கேட்க, ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் என்று முடிப்பர். நம் திருச்சபைகளில் அறுப்பின் பண்டிகையன்று காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுங்கால், ஒரு பூசணிக்காய் சந்தை விலையினும் பன்மடங்கு ஏறிப் போவதுண்டு. அங்குக் கேட்பவர் பூசணிக்காயை நோக்கிக் கேட்பதில்லை. ஆலயத்திற்கு ஈயுங் கொடையை நோக்கிக் கேட்கின்றார். அன்றியும், அண்டைவீட்டார் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்! இணைய ஏலத்திலோ முகங் காண்பாருமில்லை, குரல் கேட்பாருமில்லை. ஆதலின் அங்கு ஏறும் விலை, பொருளின்மேற் சென்ற விருப்பத்தால் ஏறியதேயாகும். இவ்விரண்டிற்குமுள்ள இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளின் பின்வருவன எளிதில் விளங்கும்.

1995-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சார்ந்த கலிபோர்னியாவில், சான் ஹோசே நகரில், பியர் ஒமிதியார் என்பார் ஓர் ஏலத்தளத்தைத் தொடங்கினார். ஈரானியப் பெற்றோருக்குப் பாரிஸ் நகரிற் பிறந்த இவர், கணிப்பொறிக்கு ஆணைத்தொடர் எழுதுந் தொழிலினர். அத்தளத்திற்கு முதற்கண் இட்ட பெயர் ஆக்‌ஷன்வெப் என்பது; 1997-இல் அது ஈபே என வழங்கலாயிற்று. அதில் முதன்முதல் விற்பனையான பொருள் யாது என்று கேட்பின் வியப்புண்டாகும். உடைந்துபோன லேசர்ச் சுட்டுகருவி ஒன்றை ஒருவர் 14 டாலர் 83 சென்டுக்கு வாங்கினார். அது வேலை செய்யாதென்பது தெரியுமன்றோ என்று ஒமிதியார் எழுதிக் கேட்க, உடைந்த சுட்டுகருவிகளைத் தொகுத்து வைத்தலே தம் விருப்பம் என அவர் விடையிறுத்தனராம். இதனை அந்நிறுவனத்தார் பலகாலும் சொல்லி மகிழ்வர். இரும்புக்காரன் தராசில் ஒரு பேரீச்சம்பழமும் பெறாத பொருளுக்கும் உலகில் எங்கோ ஒருவர் காத்திருக்கின்றார் என்பதற்கு இதனினும் நல்ல சான்று யாம் அறியோம்.

இனி, ஏலம் நடைபெறும் முறையைக் கூறுவாம். விற்போர் தம் பொருளைப் புகைப்படம் எடுத்து, அதற்கொரு தலைப்பும் விளக்கமும் எழுதி, தொடக்க விலை இன்னதென்றும், ஏலம் இத்தனை நாள் நடைபெறுமென்றும் குறித்துத் தளத்தில் இடுவர். ஒரு நாள் முதல் பத்து நாள் வரையில் ஏலநாளை வரையறுக்கலாம். ஏழு நாள் வைப்போரே பலர். வாங்க விரும்புவோர், ஊர் ஏலத்திற்போல, ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு காத்திருத்தல் வேண்டுவதில்லை. தாம் கொடுக்கக்கூடிய மிக உயர்ந்த தொகையை ஒரேமுறை குறித்துவிட்டால், தளமே அவருக்காக வேண்டிய அளவு மட்டும் ஏற்றிக் கேட்கும். அவர் குறித்த தொகையைப் பிறர் அறியார்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். ஒரு கம்பளிச் சட்டையின் தொடக்க விலை 5 டாலர் என்க. முதலாமவர் தம் உச்சத்தொகையை 20 டாலர் எனக் குறிக்கின்றார். வேறு கேட்போர் இன்மையின் விலை 5 டாலராகவே நிற்கும். இரண்டாமவர் 14 டாலர் வரை கொடுக்கத் துணிகின்றார். அவ்வளவில் விலை 14 டாலர் 50 சென்டாக உயரும். அவ்விலைநிலையில் ஒரு படியென்பது 50 சென்டாகும். பொருள் இன்னும் முதலாமவர்பாலதே. மூன்றாமவர் ஒருவர் வந்து 30 டாலர் எனக் குறிப்பின், பொருள் அவரைச் சாரும். ஆயின் அவர் கொடுக்க வேண்டுவது 30 டாலரன்று, 20 டாலர் 50 சென்டேயாம். வென்றவர் தம் உச்சத்தொகையை அன்றி, தோற்றாருள் முதல்வரது தொகையைச் சிறிது கடந்த விலையையே தருகின்றார் என்பது இதனாற் பெறப்படும்.

இம்முறையின் நுட்பத்தை வில்லியம் விக்கிரி என்னும் பொருளியற் பேராசிரியர் 1961-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதினார். வென்றவர் இரண்டாமவரது தொகையைக் கொடுப்பாராயின், ஒவ்வொருவரும் தம் மனத்திலுள்ள உண்மை மதிப்பையே குறிப்பது அவரவர்க்கு நன்மையாம் என்பது அவர் கண்ட முடிபு. குறைத்துக் கூறின் பொருளை இழக்கலாம். கூட்டிக் கூறின் தாம் மதித்ததினும் மிகுதியாகக் கொடுக்க நேரலாம். இவ்வாராய்ச்சியின் பொருட்டு 1996-இல் அவருக்கு நோபெல் பரிசு அறிவிக்கப்பெற்றது. அறிவிப்பு வெளிவந்த மூன்றாம் நாள் அவர் காலமானார். தபால்தலை தொகுப்போர் அஞ்சல்வழி நடத்திய ஏலங்களில் இம்முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வழக்கிலிருந்தது என்பதும் அறியத்தக்கது.

இங்ஙனம் உண்மை மதிப்பை ஒரேமுறை குறித்துவிட்டு உறங்கச் செல்லலாமாயின், கேட்போர் பலர் ஏலம் முடியும் இறுதி நொடிவரை காத்திருந்து கேட்பதேன்? ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கென்பெல்சு என்னும் இருவர் இதனை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டனர். ஈபேயில் ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும். அக்காலத்து அமேசான் நடத்திவந்த ஏலத்திலோ, முடிவுநேரத்தில் எவரேனும் புதிதாகக் கேட்பின், பத்து நிமிடம் வரை எவருங் கேளாதொழியும்வரை ஏலம் நீளும். முன்னதிற் கடைசி நேரத்திற் கேட்போர் மிகப் பலராகவும், பின்னதிற் சிலராகவும் இருந்தனர். முன்கூட்டிக் கேட்பின், விலையை மேலும் மேலும் ஏற்றும் பழக்கமுடையாரை அது தூண்டிவிடும். இறுதி நொடியிற் கேட்பின் அவருக்கு மறுமொழி கூற நேரமிராது. ஆதலின் விற்போர்க்கு ஒரு குறிப்பு: ஏலம் முடியும் நேரம் மக்கள் வீட்டில் ஓய்ந்திருக்கும் மாலைப்பொழுதாக அமைதல் நன்று. நள்ளிரவில் முடியும் ஏலத்தில் இறுதி நொடிக்குக் காத்திருப்பார் யாவர்?

இது நிற்க. விலையினும் பெரிய வினா ஒன்றுண்டு. கண்ணாற் காணாத ஒருவர், கையால் தொடாத பொருளுக்குப் பணம் அனுப்புவது எதனை நம்பி? ஜார்ஜ் அக்கர்லாப் என்னும் அறிஞர், பழைய மோட்டார் வண்டிச் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து 1970-இல் எழுதிய கட்டுரையொன்றில் இவ்விடரை நன்கு விளக்கியுள்ளார். பொருளின் குற்றம் விற்போர்க்குத் தெரியும், வாங்குவோர்க்குத் தெரியாது. ஆகவே வாங்குவோர் எல்லாவற்றையும் ஐயுற்றுக் குறைந்த விலையே கூறுவர். அவ்விலைக்கு நல்ல பொருளுடையார் விற்க இசையார். சந்தையில் எஞ்சுவன பழுதுற்றனவேயாம். முன்பின் அறியாதார் கூடும் இணைய ஏலம் இவ்விடரால் முதலாண்டிலேயே அழிந்தொழிந்திருத்தல் வேண்டும். அழியாமைக்குக் காரணம், 1996-இல் ஒமிதியார் ஏற்படுத்திய மதிப்புரை முறை. ஒவ்வொரு விற்பனைக்குப் பின்னும் வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப்பற்றி ஒருவர் நன்றென்றோ தீதென்றோ எழுதலாம். அது யாவரும் காண நிற்கும். இதன் பயனை அளந்தறிய விரும்பிய ஆராய்ச்சியாளர் சிலர், நற்பெயர் ஈட்டிய ஒரு வணிகரைக்கொண்டே, பழைய படத் தபால் அட்டைகளை அவருடைய பெயரிலும், எவரும் அறியாத புதுப்பெயர்களிலும் விற்கச் செய்தனர். அட்டை ஒன்றே, விளக்கமும் ஒன்றே. எனினும் பழம்பெயருக்கு வாங்குவோர் 8.1 விழுக்காடு மிகுதியாகத் தர இசைந்தனர் என்று 2006-இல் எழுதினர். நற்பெயருக்குத் தராசு பிடித்து விலை கண்டவர் இவர் எனலாம்.

இம்முறையிலுங் குறை இல்லாமலில்லை. வாங்கியவர் குறைகூறின் விற்றவரும் பதிலுக்குக் குறைகூறுவர் என்னும் அச்சத்தால் பலர் வாய்மூடியிருந்தனர். அதனால் 2008 முதல், விற்போர் வாங்குவோரைப்பற்றித் தீதென எழுதுதல் ஈபேயில் நிறுத்தப்பெற்றது. விற்போர் இதனை விரும்பவில்லை. எமக்கோ இது தக்கதாகவே தோன்றுகின்றது. வாங்குவோர் செய்ய வேண்டுவது பணங் கொடுத்தல் ஒன்றே. பொருளைப்பற்றி மெய்யுரைக்குங் கடன் விற்போர்மேலதன்றோ?

ஆடைகளை விற்பதிலேதான் இக்கடன் மிகுதியும் வெளிப்படுகின்றது. எம் பெரியம்மாளின் மகளாகிய தமக்கையார் ஒருவர் இங்கிலாந்தில் செவிலியராகப் பணிபுரிகின்றார். அங்குச் சென்ற முதல் ஆண்டுகளில், அத்தான் அவர்களுக்கு வேலை அமையாதிருந்தமையின், குடும்பத்தின் பாரம் முழுவதும் அவர்மேலதாயிற்று. வளரும் பிள்ளைகள் இருவர். அந்நாட்டுக் குளிருக்கோ ஆண்டுதோறும் புதிய மேற்சட்டை வேண்டும். ஒரு குளிர்காலம் அணிந்த சட்டை மறு குளிர்காலத்தில் முழங்கைக்கு ஏறிவிடும். சிறுத்தவற்றை ஏலத்தில் விற்று, வந்த பணத்தைக்கொண்டு அடுத்த அளவினதை, அதனையும் ஏலத்திலேயே, வாங்கி வந்தார். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது அவர் சொல்லக் கேட்டவற்றுட் சிலவற்றை இங்குத் தருகின்றோம்.

ஒரே வகையான இரண்டு மேற்சட்டைகளுள் ஒன்றை மே மாதத்திலும் மற்றொன்றை அக்டோபரிலும் 99 பென்சு தொடக்க விலையில் இட்டனராம். முன்னதை ஒருவரே கேட்டமையின் 99 பென்சுக்கே கொடுக்க நேர்ந்தது. பின்னதைப் பலர் கேட்டு 11 பவுண்டு வரை ஏற்றினர். ஏலம் என்பதற்குக் குறைந்தது இருவராவது போட்டியிடல் வேண்டும்; ஒருவரே வரின் தொடக்க விலையே முடிவு விலை. ஆகவே அப்பொருளை மக்கள் தேடும் பருவமறிந்து இடுவதும், இழக்க மனமில்லாத பொருளுக்குத் தாழ்ந்த தொடக்க விலை வையாதிருத்தலும் இன்றியமையாதன. கைக்குழந்தையின் சிறு சட்டைகளைத் தனித்தனியே விற்பின் அஞ்சற்கூலிக்கே பற்றாது. அவற்றை ஒரே அளவினவாகப் பத்துப் பன்னிரண்டு சேர்த்து ஒரு கட்டாக விற்றல் வேண்டும்.

அளவைப்பற்றி அவர் கூறியது யாம் நினையாதது. சட்டையின் கழுத்துப்பட்டையிலுள்ள அளவெண்ணை நம்புதல் கூடாது. நிறுவனத்திற்கு நிறுவனம் அது வேறுபடும். துணியைத் தரையில் விரித்து, ஓர் அக்குளினின்று மற்றோர் அக்குள் வரையும், தோளினின்று கீழ்விளிம்பு வரையும் அளந்து எழுதிவிடின், வாங்குவோர் தம்மிடமுள்ள சட்டையை அளந்து ஒப்பிட்டுக்கொள்வர். பொருந்தவில்லையென்று திருப்பியனுப்புதல் பெரிதுங் குறையும். துவைத்து, தேய்த்து, பகலொளியிற் படமெடுத்தல் வேண்டும். பூனை நாய் உள்ள வீடாயின் அதனையும் எழுதுதல் வேண்டும். அவற்றின் மயிர் சிலர்க்கு ஒவ்வாது. கிழிசல், கறை, விட்டுப்போன பொத்தான் ஆகியவற்றை மறையாது, பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுத்தால் அதன் அளவு தெற்றெனத் தெரியும். குறையைப் படத்திற் காட்டினால் விலை குறையாதோ என யாம் வினவினேம். சிறிது குறையலாம், ஆனால் குறையைக் கண்டும் கேட்பவர் பின்னர் முறையிடமாட்டார் என்று அவர் விடையிறுத்தார். உள்மடிப்பில் சிறிது கிழிந்த ஒரு சட்டையை வாங்கிய அம்மையார், "படத்தில் இருந்ததினும் கிழிசல் சிறிது" என்று மதிப்புரை எழுதினாராம்!

அஞ்சற்கூலியை ஏலத்தில் இடுமுன்னரே கட்டி நிறுத்துப் பார்த்துக் குறித்தல் வேண்டும். குத்துமதிப்பாகக் குறித்தோர் விற்ற விலையினும் மிகுதியாகக் கூலி கொடுத்ததுண்டு. அலமாரி, கட்டில் போன்றவற்றை வாங்குவோரே நேரில் வந்து எடுத்துச் செல்ல வேண்டுமென்று முன்னரே எழுதிவிடல் வழக்கம். தளத்தார் பெறுங் கட்டணமும் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில், தனிப்பட்டோர் விற்கும் பொருள்களுக்கு, மோட்டார் வண்டிகள் நீங்கலாக, விற்பனைக் கட்டணத்தை ஈபே 2024-ஆம் ஆண்டில் நீக்கிவிட்டது. 2025 பிப்ரவரி முதல் வாங்குவோரிடம் ஒரு கட்டணம் பெறுகின்றது.

இவ்வளவு கூறியும், எல்லாப் பொருளுக்கும் ஏலமே ஏற்றது என்பது எம் கருத்தன்று. விலை இன்னதென்று அறியவியலாத அரும்பொருளுக்கே ஏலம் சிறந்தது. தாத்தாவின் புகைப்படப்பெட்டி பத்து டாலர் பெறுமோ இருநூறு டாலர் பெறுமோ என்பதை நாம் அறியோம். விரும்புவோர் கூடிப் போட்டியிட, அவர் போட்டியே நமக்கு அதன் மதிப்பைச் சொல்லும். எங்கும் கிடைக்கும் சட்டைக்கும் சோற்றுப்பானைக்கும் அவ்வாராய்ச்சி வேண்டுவதில்லை. 2000-ஆம் ஆண்டில், ஏலத்தின் இடையே குறித்த விலையைக் கொடுத்து உடனே வாங்கிக்கொள்ளும் முறையை ஈபே புகுத்திற்று. நாளடைவில் அதுவே பெருகி, இன்று அத்தளத்து விற்பனையிற் பெரும்பாலன குறித்த விலைக்கே நடைபெறுகின்றன. லித்துவேனியா நாட்டில் 2008-இல் தோன்றி ஐரோப்பாவிற் பரவிய விண்டெட் என்னும் பழந்துணித் தளத்திலும் ஏலம் இல்லை. விலை குறித்து விற்றலும் பேரம் பேசலுமே உண்டு. ஏழு நாள் காத்திருக்கும் பொறுமை மக்களுக்கு இல்லாதொழிந்தது போலும்.

நம் நாட்டிலும் இவ்வேலமுறையை நடத்திப் பார்த்தனர். 2000-ஆம் ஆண்டளவில் மும்பையில் தொடங்கப்பெற்ற பாசி என்னும் ஏலத்தளத்தை 2004-இல் ஈபே விலைக்கு வாங்கிற்று. 2017-இல் அவ்விந்தியக் கிளை பிளிப்கார்ட்டு நிறுவனத்தின் வசமாகி, 2018 ஆகஸ்டு 14-ஆம் நாள் மூடப்பெற்றது. இன்று நம்மவர் பழம்பொருள் விற்கப் பெரிதும் நாடுவன ஓஎல்எக்ஸ் போன்ற விளம்பரத்தளங்களே. நேரில் வந்து, பொருளைத் தொட்டுப் பார்த்து, நாலு குறை சொல்லி, விலை பேசி முடிப்பதே நம்மவர்க்கு இயல்பு. பழந்துணி இத்தளங்களில் அத்துணை விலைபோவதில்லை. பிறர் உடுத்ததை விலைகொடுத்து வாங்க நாணுதல் அதற்கொரு காரணம். உறவினர் பிள்ளைகளுக்கு விலையின்றியே கொடுத்துவிடும் வழக்கம் மற்றொன்று. பின்னதை யாம் குறையென்று சொல்லோம்.

இத்தளங்களில் விற்போர் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. பொருளைப் பாராமலே, சொன்ன விலைக்கு உடனே இசைந்து, "பணம் அனுப்புகின்றேன்" என்று ஒரு கட்டக்குறியீட்டுப் படத்தை அனுப்பி, அதனைக் கைப்பேசியிற் காட்டி இரகசிய எண்ணை இடச்சொல்லும் வஞ்சகர் பலர் உளர். தம்மை இராணுவத்தார் என்று கூறி நம்பிக்கை ஊட்டுவாரும் அவருள் உண்டு. யூபிஐ முறையில் பணம் பெறுதற்கு இரகசிய எண்ணை இடவேண்டுவதில்லை. பணங் கொடுத்தற்கே அஃது இடப்படும். எண்ணை இட்ட நொடியில் விற்றவர் கணக்கினின்றே பணம் வெளியேறிவிடும். அவ்வாறு இழக்க நேர்ந்தோர் 1930 என்னுந் தொலைபேசி எண்ணிற்குத் தாமதியாது அறிவித்தால், பணம் கைமாறுமுன் தடுத்து வைக்க இடமுண்டு.